டங்ஸ்டன் உருகாது என்றால் இணைவு உலையின் சுவருக்கு என்னதான் நேர்கிறது?

தாதுமணல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். உலோகவியல் முதுநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். அணுக்கரு இணைவு உலைகளில் பிளாஸ்மாவை எதிர்கொள்ளும் உலோகச் சுவர்களைப் பற்றித் துறைக் கருத்தரங்கில் பேச வேண்டியிருப்பதால் சில வாரங்களாக அது குறித்துப் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க ஒரு முரண்பாடு உறுத்துகிறது. வளைய வடிவ இணைவுக் கலனான டோக்காமாக்கில் பிளாஸ்மா காந்தப்புலத்தால் கட்டுண்டு சுவரைத் தொடாமல் இருக்கிறது என்கிறது பாடநூல். அப்படியே சிறிது தொட்டாலும், டங்ஸ்டனின் உருகுநிலை 3422 பாகை செல்சியஸ். உலோகங்களிலேயே அதுதான் மிக உயர்ந்தது. பிறகு ஏன் ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் அரிப்பு, கொப்புளம், விரிசல் என்றே பேசுகின்றன?

இன்னொன்றும் கேட்க வேண்டும். பிரான்சின் கடராஷில் கட்டப்பட்டுவரும் ஐட்டர் உலையின் முதல் சுவருக்குப் பெரிலியம் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகியிருந்தது. அண்மையில் அதைக் கைவிட்டு டங்ஸ்டனுக்கு மாறியிருக்கிறார்கள். டங்ஸ்டன் அவ்வளவு உறுதியானது என்றால், தொடக்கத்திலேயே அதைத் தேர்ந்தெடுக்காமல் விட்டது ஏன்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வெற்றிடக்கலன்

சுவரைத் தொடாமல் இருப்பது பிளாஸ்மாவின் மையப்பகுதி மட்டுமே. புலக்கோடுகள் மூடிய பரப்புகளாக அமைந்த அந்த மையத்திலிருந்து துகள்களும் வெப்பமும் இடைவிடாமல் வெளியே கசிந்துகொண்டுதான் இருக்கும். கசியவும் வேண்டும், இல்லாவிட்டால் இணைவில் உண்டாகும் ஹீலியத்தை வெளியேற்ற வழியே இருக்காது. அந்தக் கசிவைக் கண்ட இடத்தில் விழவிடாமல் ஓரிடத்துக்குத் திருப்புவதற்காகவே கலனின் அடியில் டைவர்ட்டர் என்னும் அமைப்பை வைக்கிறார்கள். கடைசி மூடிய பரப்புக்கு வெளியே இருக்கும் புலக்கோடுகள் அங்கே சென்று நேரடியாக உலோகத்தில் முட்டுகின்றன. அந்த ஓட்டம் மிக மெல்லியது என்பதால், வெளியேறும் வெப்பத்தின் பெரும்பங்கு ஒரு குறுகிய பட்டையின்மேல் குவிகிறது. ஐட்டரின் டைவர்ட்டர் தகடுகள் சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் வெப்பத்தைத் தொடர்ந்தும், 20 மெகாவாட்டைக் குறுகிய நேரத்துக்கும் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டிருக்கின்றன.

இதை ஒரு சிறு கணக்காகப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் ஓடும் செம்புக் கலவைக் குழாய் ஒன்றைச் சுற்றி டங்ஸ்டன் கட்டி பொருத்தப்பட்டிருக்கிறது. குழாய்க்கும் பிளாஸ்மாவுக்கும் இடையில் 6 மில்லிமீட்டர் டங்ஸ்டன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சூடான நிலையில் அதன் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, கெல்வினுக்கு ஏறத்தாழ 110 வாட். சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் பாயும்போது அந்த 6 மில்லிமீட்டருக்குள் மட்டும் ஏறத்தாழ 550 பாகை வேறுபாடு விழுகிறது. 20 மெகாவாட் என்றால் 1100 பாகை. குழாயின் வெப்பநிலையும் கட்டியின் வடிவமும் அதோடு சேரும்போது மேற்பரப்பு 2000 பாகையை நெருங்கிவிடும். நீங்கள் உலோகவியல் படிப்பவர்; உருட்டித் தயாரித்த டங்ஸ்டன் 1200 முதல் 1500 பாகைக்குள்ளேயே மீள்படிகமாகத் தொடங்கித் தன் வலிமையை இழக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உருகுநிலைக்கு வெகு கீழேயே அந்தப் பொருள் நீங்கள் வாங்கிவந்த பொருளாக இருப்பதில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். டங்ஸ்டன் புதிதாகக் கண்டெடுத்த தீர்வன்று. ஏற்கெனவே முயன்று கைவிடப்பட்ட ஒன்று. 1970களில் பிரின்ஸ்டனின் பிஎல்டி டோக்காமாக்கில் பிளாஸ்மாவின் விளிம்பைத் தொட்டு நிற்கும் டங்ஸ்டன் தடுப்பான்களைப் பயன்படுத்தினார்கள். அவற்றிலிருந்து பெயர்ந்த அணுக்கள் பிளாஸ்மாவின் நடுவே சேர்ந்தன. டங்ஸ்டனின் அணு எண் 74 என்பதால், கோடிக்கணக்கான பாகையிலும் அதன் எலக்ட்ரான்கள் எல்லாம் உரிந்துபோவதில்லை. மிஞ்சியவை ஆற்றலை வாங்கிவாங்கிக் கதிர்வீச்சாக வெளியே கொட்டிவிடும். மையம் தன்னைச் சுற்றியுள்ள பகுதியைவிடக் குளிர்ந்துபோன பிளாஸ்மாக்களை அங்கே கண்டார்கள். எரியும் பிளாஸ்மாவில் ஒரு லட்சம் எரிபொருள் அயனிகளுக்குச் சில டங்ஸ்டன் அணுக்கள் என்ற அளவைத் தாண்டினாலே ஆபத்துதான்.

அதனால் ஆய்வுலகம் கார்பனுக்குத் தாவியது. கார்பன் உருகாது, அதன் அணு எண்ணும் வெறும் 6. ஆனால் ஹைட்ரஜன் அதனோடு வேதிவினை புரிந்து ஹைட்ரோகார்பனாகப் பெயர்த்தெடுக்கும். பெயர்ந்தது குளிர்ந்த மூலைகளில் படியும்போது, இணைவு எரிபொருளான கதிரியக்க ஹைட்ரஜன் வகை டிரிட்டியத்தையும் சேர்த்துப் புதைத்துக்கொள்ளும். இங்கிலாந்தின் ஜெட் உலையில் 1997ஆம் ஆண்டின் டிரிட்டியம் சோதனைகளின்போது இந்தப் புதையல் எவ்வளவு பெரிய தலைவலி என்பது தெளிவாயிற்று. ஐட்டர் கலனுக்குள் தங்கக்கூடிய டிரிட்டியத்துக்கு 1 கிலோ என்று பாதுகாப்பு வரம்பு இருக்கும்போது கார்பனை வைத்துக்கொண்டு நீண்ட காலம் ஓட்ட முடியாது. ஜெட் தன் உட்புறத்தை முழுவதுமாக மாற்றி, பெரிலியம் சுவரும் டங்ஸ்டன் டைவர்ட்டருமாக 2011இல் மீண்டும் இயங்கியபோது, சுவரில் தங்கும் எரிபொருள் பத்து மடங்குக்கும் மேல் குறைந்தது. அதற்கு முன்பே, 2007இல், ஜெர்மனியின் கார்ஹிங்கில் ஆஸ்டெக்ஸ் அப்கிரேட் முழு டங்ஸ்டன் உலையாக மாறியிருந்தது. கதிர்வீச்சு மிகுந்து பிளாஸ்மா அணைந்துபோகாமல் அதை ஓட்டக் கற்றுக்கொடுத்தது அந்த உலைதான் என்பது என் கருத்து.

பெரிலியத்தின் நன்மை அணு எண் 4 என்பதும், ஆக்சிஜனை உறிஞ்சிப் பிளாஸ்மாவைத் தூய்மையாக வைக்கும் என்பதும். ஆனால் அது 1287 பாகையில் உருகிவிடும், எளிதில் அரிக்கப்படும், அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. மின்சாரம் தயாரிக்கும் உலையில் அதை முதல் சுவராக வைக்க எவரும் எண்ணவில்லை. அப்படியிருக்க ஐட்டரில் மட்டும் எதற்கு என்ற கேள்வி நெடுநாளாகவே இருந்தது. 2023–24இல் அதற்கு விடை கிடைத்தது.

நுண்குமிழி

வெற்றிடக்கலன் அவர்கள் வெப்பத்தையும் வரலாற்றையும் சொல்லிவிட்டார். உலோகத்துக்குள் நடப்பதைப் பற்றி நான் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் உலோகவியல் படிப்பவருக்குச் சுவையான பகுதி அதுதான்.

இணைவு எரிபொருளான ஹைட்ரஜன் வகைகள், அதாவது டியூட்டீரியமும் டிரிட்டியமும், டங்ஸ்டனில் எளிதில் கரைவதில்லை. ஆனால் உள்ளே தள்ளப்பட்ட அணு மிக விரைவாக நகரும். நகரும் வழியில் படிக வெற்றிடமோ (அணு இல்லாத காலி இடம்), இடப்பெயர்ச்சிக் கோடோ, படிக எல்லையோ எதிர்ப்பட்டால் அங்கே மாட்டிக்கொள்ளும். எவ்வளவு எரிபொருள் தங்கும் என்பதைப் பெரும்பாலும் டங்ஸ்டனின் கரைதிறன் தீர்மானிப்பதில்லை. அதிலுள்ள குறைபாடுகளின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. குறைந்த வெப்பநிலையில், குறிப்பாகச் சில நூறு பாகைக்குள், மேற்பரப்புக்குக் கீழே வாயு சேர்ந்து அழுத்தம் கூடிக் கொப்புளங்கள் எழும்புவதை மின்னணு நுண்ணோக்கியில் தெளிவாகக் காணலாம். சிலவற்றின் மூடி வெடித்துத் திறந்திருக்கும்.

ஹீலியம் வேறு வகை. அது டங்ஸ்டனில் கரைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் படிக இடைவெளிகளின் ஊடே அது ஓடுவதற்கு ஏறத்தாழத் தடையே இல்லை. ஓடும் இரண்டு ஹீலியம் அணுக்கள் சந்தித்தால் ஒன்றையொன்று ஈர்த்துக்கொள்ளும். சில அணுக்கள் கூடியதும் அந்தக் கூட்டம் ஒரு டங்ஸ்டன் அணுவைத் தன் இடத்திலிருந்து வெளியே தள்ளி, அந்த வெற்றிடத்தில் தான் குடியேறிவிடும். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், வந்து மோதும் ஹீலியம் அயனியின் ஆற்றல் சில பத்து எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. மோதலால் டங்ஸ்டன் அணுவை இடம்பெயர்க்க அது போதவே போதாது. மோதலால் முடியாததைக் கூட்டத்தின் அழுத்தம் செய்துமுடிக்கிறது.

மேற்பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 1000 முதல் 2000 கெல்வினுக்குள்ளும், ஹீலியம் அயனியின் ஆற்றல் 20 அல்லது 30 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலும் இருந்து, போதிய அளவு அயனிகள் வந்து சேர்ந்துவிட்டால், குமிழிகள் உலோகத்தை மேல்நோக்கித் தள்ளித்தள்ளிச் சில பத்து நானோமீட்டர் தடிமனுள்ள இழைகளாக வளர்த்துவிடும். இதை ஆய்வாளர்கள் ஃபஸ் என்கிறார்கள். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்திலும், பிறகு சான் டியேகோவின் பைசஸ் கருவியிலும் 2000களின் பிற்பாதியில் இது விரிவாக ஆராயப்பட்டது. இழைப்படலத்தின் தடிமன் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்வதைச் சான் டியேகோ குழு காட்டியது. கண்ணாடி போல் மெருகேற்றிய டங்ஸ்டன் மாதிரி, சோதனை முடிந்து வெளியே எடுக்கும்போது ஒளியையே திருப்பியனுப்பாத கருப்பாக இருக்கும். இடுக்கியின் முனை பட்ட இடத்தில் அந்தக் கருப்பு நசுங்கிக் கோடு விழும். அந்தளவுக்கு மெலிந்த, வெப்பத்தைச் சரிவரக் கடத்தாத படலம் அது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆல்கேட்டர் சி-மாட் டோக்காமாக்கில் வைத்த டங்ஸ்டன் மாதிரியிலும் 2012இல் அது வளர்ந்ததால், ஆய்வக விந்தை என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

தாதுமணல்

இருவருக்கும் மிக்க நன்றி. அரிப்பைப் பற்றி ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். விடை என்னைக் குழப்புகிறது. டைவர்ட்டர் அருகே பிளாஸ்மாவின் வெப்பநிலை, ஆற்றல் அலகில் சொன்னால், 10 எலக்ட்ரான் வோல்ட் என்று கொண்டால், சுவரை ஒட்டிய மின்னழுத்த உறையில் முடுக்கப்பட்டு வரும் டியூட்டீரியம் அயனியின் ஆற்றல் ஏறத்தாழ 50 எலக்ட்ரான் வோல்ட். டங்ஸ்டனை அரிக்க டியூட்டீரியத்துக்குக் குறைந்தது 220 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும் என்று படித்தேன். அப்படியானால் அரிப்பே இருக்கக்கூடாதே?

வெற்றிடக்கலன்

உங்கள் கணக்கு சரி. டியூட்டீரியத்தை மட்டும் எண்ணியதுதான் குறை.

கேரம் பலகையில் லேசான காயைச் சுண்டிவிட்டுக் கனமான அடிகாயை நகர்த்தப் பாருங்கள். காய் திரும்பி ஓடும், அடிகாய் அசைந்துகொடுக்கும், அவ்வளவுதான். நிறை 2 உள்ள டியூட்டீரியம் நிறை 184 உள்ள டங்ஸ்டனை நேருக்கு நேர் மோதினாலும் தன் ஆற்றலில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத்தான் கொடுக்க முடியும். 50 எலக்ட்ரான் வோல்ட்டில் அது 2 எலக்ட்ரான் வோல்ட். டங்ஸ்டன் அணு மேற்பரப்பை விட்டுக் கிளம்ப 8.7 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஆகவே எதுவும் பெயராது.

இப்போது நைட்ரஜனை எடுத்துக்கொள்ளுங்கள். டைவர்ட்டரைக் குளிர்விப்பதற்காக நாமே ஊதிவிடும் வாயுக்களில் அதுவும் ஒன்று. அதன் நிறை 14 என்பதால் ஒரே மோதலில் 26 விழுக்காடு வரை கொடுக்க முடியும். மும்மடங்கு மின்னூட்டம் கொண்ட நைட்ரஜன் அயனி அதே உறையைக் கடக்கையில் மும்மடங்கு முடுக்கம் பெற்று 110 எலக்ட்ரான் வோல்ட்டோடு வந்து சேரும். 110இல் 26 விழுக்காடு என்பது 29, தேவையோ 8.7. குளிர்விக்க ஊதிய வாயுவே சுவரை அரிக்கிறது. இருந்தும் அதை ஊதத்தான் வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது ஆற்றலைக் கதிர்வீச்சாகப் பரப்பாவிட்டால் முதலில் சொன்ன 10 மெகாவாட் வரம்புக்குள் வரவே முடியாது. பிளாஸ்மாவை 5 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் கீழே குளிர்வித்துத் தகட்டிலிருந்து விலக்கிவைக்கும் இயக்கமுறையை எல்லா உலைகளும் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயர்ந்த டங்ஸ்டன் முழுவதும் தொலைந்துபோவதும் இல்லை. அது உடனே அயனியாகி, காந்தப்புலத்தில் ஒரு சுற்றுகூட முடிப்பதற்குள் பெரும்பகுதி அதே தகட்டில் வந்து விழுந்துவிடும். கட்டுரைகளில் அரிப்பு வீதம் என்று காணும்போது, அது மொத்த அரிப்பா, திரும்பப் படிந்ததைக் கழித்த நிகர அரிப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்து எழுதிய விவாதங்கள் பலவற்றைப் படித்து அலுத்துவிட்டது.

அலைமுகடு

ஃபஸ்ஸுக்கு இவ்வளவு இடம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது வளரக் குறிப்பிட்ட வெப்பநிலைச் சாளரம் வேண்டும். டைவர்ட்டரில் அந்தச் சாளரத்துக்குள் வருவது சிறு பரப்பு. இழைகளுக்கு இடையில் பெயரும் அணுக்கள் பக்கத்து இழையிலேயே ஒட்டிக்கொள்வதால் அரிப்பு குறைகிறது என்றும் அளந்திருக்கிறார்கள். இழைகளில் மின்வில் பற்றித் தூசு கிளம்பும் என்ற அச்சம் நியாயமானது, அதைமட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

சுவரை உண்மையில் பாழாக்குவது சராசரி வெப்பமன்று, திடீர் வெப்பம். பிளாஸ்மாவின் விளிம்பு நொடிக்குப் பலமுறை நிலைகுலைந்து வீசும் ஆற்றல் ஒரு மில்லிநொடிக்குள் தகட்டில் கொட்டுகிறது. மேற்பரப்பு சூடாகி விரிய முயலும். அடியில் குளிர்ந்திருக்கும் உலோகம் அதை விரியவிடாது. குளிரும்போது இழுவிசை மிஞ்சும். டங்ஸ்டன் சில நூறு பாகைக்குக் கீழே நொறுங்கும் இயல்புடையது என்பதால் ஒவ்வொரு துடிப்பும் விரிசலைச் சிறிது முன்னே நகர்த்தும். விரிசல் வருவதைத் தடுக்க முடியாது என்று ஏற்றுக்கொண்டுதான் ஐட்டரின் டங்ஸ்டனில் படிகத் துகள்கள் மேற்பரப்புக்குச் செங்குத்தாக நீண்டிருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். அப்போது விரிசல் குழாயை நோக்கி நேராக இறங்கும். வெப்பம் அதன் இருபுறமும் தடையின்றிப் பாயும். மேற்பரப்புக்கு இணையாக விரிசல் ஓடினால் மேலுள்ள செதில் குளிர்விப்பை இழந்து உருகிப்போகும். உங்கள் கருத்தரங்கில் ஒரே ஒரு படம் காட்ட நேர்ந்தால் இந்தத் துகள் திசையின் குறுக்குவெட்டைக் காட்டுங்கள்.

உருகினால் என்னாகும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 2013இல் ஜெட் உலையில் டங்ஸ்டன் தகடு ஒன்றின் விளிம்பை வேண்டுமென்றே துருத்திக்கொண்டிருக்கும்படி அமைத்து, வெப்பத் துடிப்புகளால் உருகவைத்தார்கள். உருகிய உலோகத்தில் பாயும் மின்னோட்டமும் காந்தப்புலமும் சேர்ந்து அதை ஓரமாகத் தள்ளிக் குவித்தன. பிளாஸ்மா அணைந்துபோகவில்லை என்பது நிம்மதி. ஆனால் அந்தக் குவியலே அடுத்த துடிப்புக்குத் துருத்திய விளிம்பாகிவிடும்.

ஐட்டர் மாற்றத்துக்கும் விலை உண்டு. பெரிலியம் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டது. டங்ஸ்டன் அதைச் செய்யாது. எனவே சுவர்மேல் அவ்வப்போது மெல்லிய போரான் பூச்சு படியவைக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். அந்தப் போரானும் டிரிட்டியத்தைப் பிடித்துவைக்கும். கார்பனில் விட்ட தலைவலி சிறு அளவில் திரும்பி வருகிறது. ஆனாலும் மாற்றம் சரியான முடிவுதான். கடராஷிலேயே இருக்கும் வெஸ்ட் உலை 2025 பிப்ரவரியில் டங்ஸ்டன் சுவருக்குள் 1337 நொடிகள் பிளாஸ்மாவைத் தக்கவைத்தது. அதில் இணைவு நடக்கவில்லை. சூடாக்கும் திறனும் 2 மெகாவாட் மட்டுமே. ஆனால் சுவரும் பிளாஸ்மாவும் நிலைத்த சமநிலைக்கு வரும் அளவுக்கு நீண்ட நேரம் அது.

தாதுமணல்

நியூட்ரான்களைப் பற்றி எவரும் சொல்லவில்லையே. 14.1 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான்களும் பிளாஸ்மாவும் ஒருசேரத் தாக்கும்போது என்ன ஆகும் என்று சோதனை ஏதும் உண்டா?

நுண்குமிழி

இரண்டும் ஒருசேர, மின்சாரம் தயாரிக்கும் இணைவு உலையின் அளவில், இதுவரை எங்கும் சோதிக்கப்படவில்லை. துண்டுதுண்டாகத்தான் தெரியும். நியூட்ரான் டங்ஸ்டனின் ஆழம் முழுவதும் படிக வெற்றிடங்களை உண்டாக்கும். நான் முன்பு சொன்ன, எரிபொருள் அணுக்கள் மாட்டிக்கொள்ளும் பொறிகள் மேற்பரப்போடு நிற்காமல் தகடு முழுவதும் பரவும். டங்ஸ்டனின் ஒரு பகுதி ரீனியமாகவும் பிறகு ஆஸ்மியமாகவும் மாறி, வெப்பக் கடத்துதிறனைக் குறைத்து உலோகத்தை மேலும் நொறுங்கவைக்கும். ஆயிரம் மெகாவாட் இணைவுத் திறனுள்ள உலை ஆண்டுக்கு ஏறத்தாழ 56 கிலோ டிரிட்டியத்தை எரிக்கும், அதையும் தானே தயாரித்துக்கொள்ள வேண்டும் என்னும்போது, சுவர் விழுங்கும் சிறு பங்கும் கணக்கில் இடிக்கும்.

பிளவு உலைகளில் வைத்தெடுத்த மாதிரிகளை அமெரிக்காவின் ஐடஹோ ஆய்வகத்தில் டியூட்டீரியம் பிளாஸ்மாவுக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் பிளவு உலையின் மெதுவான நியூட்ரான்கள் இணைவு உலையில் உண்டாவதைவிட அதிக ரீனியத்தை உண்டாக்கிவிடும். மற்ற இடங்களில் முடுக்கியிலிருந்து வரும் டங்ஸ்டன் அயனிகளைக் கொண்டு அதே சேதத்தைப் போலச் செய்கிறார்கள். அது சில மைக்ரான் ஆழத்தைத் தாண்டாது. சரியான ஆற்றல்பரப்புள்ள நியூட்ரான்களுக்காகத்தான் ஸ்பெயினின் கிரனடா அருகே இஃப்மிஃப்-டோன்ஸ் என்ற முடுக்கி மையத்தைக் கட்டுகிறார்கள்.

இந்தியாவில் பார்க்க விரும்பினால், குவாஹாட்டி அருகே சோனாப்பூரில் உள்ள பிளாஸ்மா இயற்பியல் மையத்தின் சிம்பிள்-பிஎஸ்ஐ கருவியில் ஹீலியம் ஃபஸ் வளர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். டங்ஸ்டன் கவசத்துக்குப் பின்னால் நிற்கவேண்டிய குறைகதிரியக்க எஃகின் இந்திய வகையை உருவாக்கியதில் கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துக்குப் பெரும்பங்கு உண்டு. உலோகவியல் பக்கமிருந்து வருபவர் தொடங்க அந்த எஃகுதான் எளிய வாயில் என்று நினைக்கிறேன். எந்தக் கட்டுரையைப் படித்தாலும், மாதிரி எதனால் சேதப்படுத்தப்பட்டது, சேதப்படுத்தியபோது வெப்பநிலை என்ன, பிளாஸ்மாவுக்கு உட்படுத்தியபோது வெப்பநிலை என்ன என்ற மூன்றையும் குறித்துக்கொண்ட பிறகே எண்களை ஒப்பிடுங்கள். 200 பாகையில் எடுத்த டிரிட்டியம் அளவையும் 700 பாகையில் எடுத்ததையும் ஒரே வரைபடத்தில் போட்டால் ஒன்றுக்கொன்று தொடர்பே இராது.